தந்தி இழுபடுகிறதா, உருவுகிறதா?

கேள்வி: மகள் கிளாசிக்கல் கிட்டார் பழகுகிறாள். புது நைலான் தந்தி மாட்டி இரண்டு நாளாகச் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கிறது. முதல் தந்தி, தந்தி கட்டும் மரக்கட்டையான பிரிட்ஜிலிருந்து உருவிக்கொண்டே வந்துவிட்டது. கிட்டாரில் நைலானைக் கட்டிய புண்ணியவான் யார்? பேசாமல் ஸ்டீல் கம்பி போட்டுவிடட்டுமா?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: ஸ்டீல் மட்டும் வேண்டாம். நைலான் தந்தி ஆறும் சேர்ந்து சுமார் 40 கிலோ இழுக்கும். ஸ்டீல் செட் 60 முதல் 75 கிலோ வரை போகும். இந்த வகைக் கிட்டாரில் பிரிட்ஜ் வெறும் பசையில் நிற்கிறது, பெயர்ந்து வந்துவிடும்.

அந்தப் புண்ணியவான் ஆல்பர்ட் அகஸ்டின். டென்மார்க்கில் பிறந்து நியூயார்க்கில் குடியேறி வாத்தியம் செய்தவர். அதுவரை முதல் மூன்று தந்தியும் விலங்குக் குடல் நரம்புதான். இரண்டாம் உலகப் போரில் அது அறுவை சிகிச்சைத் தையலுக்குப் போக, கிட்டாருக்குப் பஞ்சம். டூபாண்ட் கம்பெனியின் நைலான் இழையை 1940-களில், கிட்டார் மேதை செகோவியாவின் ஊக்கத்தோடு தந்தியாக்கினார். அவரைத் திட்டாதீர்கள். உங்கள் ஊர் எடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் குடல் நரம்பு ஊறிச் சுருதி படுத்தும் பாட்டுக்கு நைலான் எவ்வளவோ தேவலை.

நைலான் வழுக்கும், மெதுவாக இழுபடும். உங்கள் வீட்டில் நடப்பது எது? பிரிட்ஜ் முடிச்சை ஒட்டித் தந்தியில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். மறுநாள் புள்ளி முன்னே நகர்ந்திருந்தால் முடிச்சு உருவுகிறது. நகராமல் சுருதி மட்டும் இறங்கினால் வெறும் இழுபடல். அது நான்கைந்து நாளில் அடங்கும். அதுவரை 12-ஆம் ஃப்ரெட் (கழுத்தில் பதித்த உலோகக் கட்டை) பக்கம் தந்தியை மெல்லத் தூக்கிவிட்டுத் திரும்பச் சுருதி சேர்க்கலாம்.

முடிச்சுக்கு வருவோம். துளை வழியே 10 சென்டிமீட்டர் வால் விட்டு, மேலே கொண்டுவந்து தந்திக்கு அடியில் நுழைத்து, தன்மேலேயே சுற்றுங்கள். தடித்த தந்திக்கு ஒரு சுற்று போதும். முதல் தந்திக்கு மூன்று. கடைசிச் சுற்று பிரிட்ஜின் பின்விளிம்பைத் தாண்டிக் கீழே அமுங்க வேண்டும். பலர் மேலேயே விட்டுவிடுவார்கள், அங்கேதான் உருவும். மாட்டுமுன் வால் நுனியைத் தீக்குச்சியில் காட்டி மிளகளவு குமிழாக்கிக்கொண்டால் இன்னும் பிடிமானம். உருவும் வால் சாட்டைபோல் அடித்து மேற்பலகையில் பள்ளம் போடும், கவனம்.

கேள்வி: வீணைக்கு நைலான் தந்தி போடலாமா?
– வாசகி, நகரி

பதில்: கூடாது. நைலானில் நாதம் சீக்கிரம் அடங்கிவிடும். ஒரே மீட்டில் கமகத்தை நீட்டி இழுக்க முடியாது. முதல் தந்தியான சாரணிக்கு ஸ்டீலே போடுங்கள்.