எச்பிவி வந்த பிறகு தடுப்பூசி பலன் தருமா?

சகோதரி, கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய எச்பிவி வைரஸின் 16ஆம் வகை பாசிட்டிவ் என்று வந்துவிட்டது, இப்போது ஊசி போட்டால் வைரஸ் போய்விடுமா என்று கேட்டிருந்தீர்கள். போகாது. இந்த ஊசிக்கு அடிப்படையாக 1991இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் விஞ்ஞானிகள் இயன் ஃப்ரேசரும் ஜியான் சோவும் உருவாக்கியது வைரஸின் வெளி ஓட்டை மட்டும்தான். உள்ளே மரபணு கிடையாது. அந்த எல்1 புரத ஓட்டை அடையாளம் கண்டு உடம்பு எதிர்ப்பொருள் தயாரிக்கும், வைரஸ் செல்லுக்குள் நுழையும் முன்பே மடக்கிவிடும். நுழைந்துவிட்டாலோ, செல்லைக் கெடுப்பவை இ6, இ7 என்ற வேறு புரதங்கள். அந்தச் செல்களை அழிக்க டி செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் வேண்டும். ஃப்ரேசர் அதற்கும் உழைத்தார். ஆனால் எச்பிவி 16க்கான அத்தகைய சிகிச்சை ஊசிகள் இன்னும் ஆய்வில்தான் இருக்கின்றன.

பயப்படாதீர்கள், பலருக்கு ஓரிரு வருடங்களில் தானாகவே அடங்கிவிடும். ஆனால் 16 ஆபத்தான வகை, கருப்பை வாயை உருப்பெருக்கிக் கருவியால் பார்க்கும் கால்போஸ்கோபி பரிசோதனையைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். 12 வயது மகளுக்கு இப்போதே ஊசி போட்டுவிடுங்கள்.