தானாகக் குவியும் லென்ஸ்: தில்லி நண்பர்களின் கேள்விகளுக்குப் பதில்

மயூர் விஹாரிலிருந்து: ஐயா, சனவரி விடியலில் யமுனைப் படித்துறையில் கடற்காகங்களைப் படமெடுக்கும்போது, மூடுபனியில் என் கேமராவின் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கிறது. பழுதா?

பழுதன்று. உங்கள் கேமரா தூரத்தை அளப்பதில்லை. வெளிச்சமும் இருளும் சந்திக்கும் விளிம்பைத்தான் தேடுகிறது. கான்ட்ராஸ்ட் முறையில் லென்ஸ் நகர நகர, படத்தைப் பதிவுசெய்யும் ஒளியுணரியான சென்சாரில் அந்த விளிம்பு எங்கே மிகக் கூர்மையாகிறது என்று பார்க்கப்படுகிறது. கூர்மை குறையத் தொடங்கிய பிறகே உச்சம் கடந்துவிட்டது தெரியும் என்பதால், லென்ஸ் சற்றுத் தாண்டிப்போய்த் திரும்புவது அதன் இயல்பு. பனி விளிம்பையே அழித்துவிடும்போது இந்த அலைச்சலுக்கு முடிவே இராது. வெண்மார்பை விட்டுவிட்டு, கருத்த இறகு நுனியின்மேல் ஃபோகஸ் புள்ளியை வையுங்கள்.

ஆர்.கே. புரத்திலிருந்து: ஃபேஸ் டிடெக்‌ஷன் (phase detection: இரு பிம்பங்களின் விலகலைக் காணும்) முறைக்கு மட்டும் ஏன் அத்தனை வேகம்?

அது தேடுவதில்லை, கணக்கிடுகிறது. லென்ஸின் இடப்பாதி வழியே வரும் ஒளியும் வலப்பாதி வழியே வரும் ஒளியும் தனித்தனிப் பிம்பங்களாக விழுகின்றன. அவை எந்தப் பக்கம், எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதிலிருந்தே லென்ஸ் நகரவேண்டிய திசையும் அளவும் கிடைத்துவிடுகின்றன. 1985-இல் வந்த மினோல்டா 7000 இம்முறையை எஸ்எல்ஆர் கேமராவின் (லென்ஸ் காணும் காட்சியையே ஆடி வழியே கண்ணுக்குக் காட்டும் வகை) உடலுக்குள்ளேயே அமைத்து வெற்றி கண்டது. 2013-இல் வந்த கேனன் 70டி, படம்பிடிக்கும் சென்சாரின் ஒவ்வொரு பிக்சலையும் ஒளியை உணரும் இரண்டு டயோடுகளாகப் பிரித்து, ஃபோகஸுக்கென்று தனிச் சென்சாரின் தேவையின்றி இதே ஒப்பீட்டைச் செய்தது.

கரோல் பாகிலிருந்து: திங்கட்கிழமை மூடியிருக்கும் கடைகளின் ஷட்டர்மீது அந்த கேனன் 70டி-யும் தடுமாறுகிறதே?

ஷட்டரின் பட்டைகள் கிடைமட்டமானவை. இட வலமாகப் பிரித்த பிம்பங்களில் கிடைக்கோடு தன் நீளத்தின் வழியிலேயே நகர்வதால், விலகல் கண்ணில் படாது. கேமராவைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து ஃபோகஸ் செய்யுங்கள், போதும். குறுக்கும் நெடுக்குமாகப் பார்க்கும் கிராஸ் வகைப் புள்ளிகள் இருந்தால் இந்தச் சிரமமே இல்லை.

லோதி காலனியிலிருந்து: தாத்தாவின் பழைய போலராய்ட் சோனார் கேமரா, ஜன்னல் வழியே எடுத்தால் மட்டும் மங்கலாக எடுக்கிறது.

1978-இல் வந்த அந்த வகை, ஒளியை நம்பாமல் மீயொலியை அனுப்பி எதிரொலிக்குக் காத்திருக்கும். எதிரொலி கண்ணாடியிலிருந்தே திரும்பிவிடுகிறது. கைமுறை ஃபோகஸுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், அல்லது ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.