லினக்ஸில் டி டிரைவ் திறக்கிறது, ஆனால் எதையும் சேமிக்க முடியவில்லை. டிரைவ் கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் கெட்டிருக்காது. ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு அடிக்கடி வரும் தொல்லை இது. காரணம், விண்டோஸ் 8-இலிருந்து இருக்கும் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’. அது இயங்கும்போது ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. கெர்னலின் (விண்டோஸின் மையப் பகுதியின்) நிலையை வட்டில் எழுதிவைத்துவிட்டு அரைத்தூக்கத்துக்குப் போகிறது. என்டிஎஃப்எஸ் பகுதிகளும், அதாவது விண்டோஸ் தன் முறையில் கோப்புகளை வைக்கும் டிரைவ்களும், பாதி திறந்த நிலையிலேயே நிற்கும். அதில் கைவைத்தால் கோப்புகள் சிதையலாம் என்பதால் லினக்ஸ் படிக்க மட்டும் விடுகிறது. எரிச்சலாக இருந்தாலும் அது செய்வதுதான் சரி.

விண்டோஸில் கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ் போய், இடப்பக்கம் பவர் பட்டன்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் இணைப்பைத் திறங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வரி மங்கலாக இருக்கும். மேலே நிர்வாகிக் கேடயப் படத்தோடு உள்ள வரியை அழுத்தினால்தான் டிக்கை எடுக்க முடியும். சேமித்துவிட்டு ஷட் டவுன் செய்யுங்கள். அவசரத்துக்கு ரீஸ்டார்ட் கொடுத்தே லினக்ஸுக்குள் போகலாம். ரீஸ்டார்ட்டில் இந்த அரைத்தூக்கம் கிடையாது.

ஹைபர்னேட் (திறந்திருக்கும் வேலைகளை வட்டில் எழுதிவைத்து அணைப்பது) செய்துவிட்டு வந்தாலும் இதே கதைதான். லினக்ஸிலிருந்து ஹைபர்னேட் கோப்பை வலுக்கட்டாயமாக அழிக்கும் வழியைத் தவிருங்கள்: விண்டோஸில் சேமிக்காமல் விட்ட வேலை போய்விடும். டிக்கை எடுத்த பிறகும் சரியாகவில்லையா? விண்டோஸிலேயே அந்த டிரைவுக்குப் பிழைச் சோதனை ஓட்டுங்கள்.