முல்தானி மட்டி பூசியபின் முகம் எரிவது

முல்தானி மட்டி என்ற களிமண் பொடியில் எலுமிச்சைச் சாறு கலந்து பூசுவதாகச் சொல்கிறீர்கள். அந்தச் சாற்றை இன்றே நிறுத்திவிடுங்கள். முல்தானி மட்டியை நிறுத்த வேண்டியதில்லை. பூச்சைக் கழுவியதும் கன்னம் இழுத்துப் பிடித்து எரிகிறது, மாலைக்குள் மூக்கில் எண்ணெய் வழிகிறது என்கிறீர்கள். தோலின் பி.எச். அளவு (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; எண் குறைந்தால் அமிலம் அதிகம்) 5ஐ ஒட்டியிருக்க, எலுமிச்சைச் சாற்றினுடையது 2 அளவில்தான் இருப்பதால், எரிச்சலுக்குப் பெரும்பாலும் அதுவே காரணம். சாறு பட்ட இடத்தில் வெயில் பட்டால் கருந்திட்டும் விழக்கூடும்.

ஒரு தேக்கரண்டி மட்டியை வெறும் தண்ணீரில் தோசைமாவுப் பதத்தில் குழைத்து, முதலில் முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பாருங்கள். சிவக்காவிட்டால் முகத்தில் பூசி, ஓரங்கள் வெளுத்து நடுவில் இன்னும் ஈரம் இருக்கும்போதே, பாளம் பாளமாக வெடிக்கும்வரை விடாமல், கழுவிவிடுங்கள். வாரம் ஒரு முறை போதும்.

மட்டி மேலுள்ள எண்ணெயை உறிஞ்சுமே தவிர, சுரப்பதைக் குறைக்காது. சீழ் கோத்த பருக்கள் இருந்தால் எதையும் பூசாமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.