டிரெய்லரும் ஆடை படிந்த காபியும் – கடிதம்

வணக்கம் சார்,

நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து 24 நிமிடக் குறும்படம் ஒன்று எடுத்திருக்கிறோம். சைக்கலாஜிக்கல் திரில்லர். பகலில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன், இரவில் எடிட்டிங். கதை இதுதான்: அக்காவும் தங்கையும் ஒரு பழைய வீட்டில் இருக்கிறார்கள். தங்கை தினமும் காலையில் இரண்டு டம்ளர் காபி போடுகிறாள். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் ஒருநாள் அவளிடம், “உங்கக்காவ வெளியிலயே காணமே?” என்று கேட்கிறார். (...)

முதலில் 2 நிமிடம் 10 நொடிக்கு ஒரு டிரெய்லர் வெட்டினேன். அம்மாவிடம் காட்டினேன். “அதான் எல்லாத்தையும் சொல்லிட்டியே, இனி படம் எதுக்கு?” என்றார். கதையைக் கேட்டால் அப்படியே சரியாகச் சொல்கிறார். வெறுத்துப்போய் எல்லாவற்றையும் தூக்கிவிட்டு இன்னொன்று வெட்டினேன். இருட்டு, கதவு, ஓர் அலறல், டமால் டமால் என்று ஆர்.ஆர். (பின்னணி இசை). அதைப் பார்த்த நண்பன், “பேய்ப் படமாடா?” என்கிறான்.

நல்ல திரில்லர் டிரெய்லர்கள் எவ்வளவு சொல்கின்றன, எவ்வளவு மறைக்கின்றன? இதற்கு ஏதாவது அளவு உண்டா? இன்னொன்று, படத்தில் இல்லாத ஒரு ஷாட்டை டிரெய்லருக்கென்றே எடுக்கலாம் என்கிறார் எங்கள் ஒளிப்பதிவாளர். எனக்கு அது பார்ப்பவர்களை ஏமாற்றுவதாகப் படுகிறது. இரண்டு டிரெய்லர்களின் இணைப்பையும் அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
க., விருதுநகர்

*

அன்புள்ள க.,

உங்கள் கடிதத்தில் அடைப்புக்குறிக்குள் மூன்று புள்ளிகள் இருக்கும் இடத்தில் படத்தின் முடிச்சு இருந்தது. நான்தான் வெட்டினேன். அதை அப்படியே போட்டிருந்தால் இந்தப் பக்கமே உங்கள் படத்துக்கு மூன்றாவது மோசமான டிரெய்லர் ஆகியிருக்கும்.

இரண்டையும் பார்த்தேன். அம்மா சொன்னதும் சரி, நண்பர் சொன்னதும் சரி. ஆனால் முதல் டிரெய்லர் நிறையச் சொன்னதால்தான் கெட்டது என்று நினைத்து இரண்டாவதில் வாயையே கட்டிவிட்டீர்கள் பாருங்கள், அங்கேதான் சறுக்கல். நிறையச் சொல்லியும் ஒரு டிரெய்லர் ரகசியத்தைக் காப்பாற்றலாம். இன்னும் கேட்டால், சொல்வதை வைத்துத்தான் மறைக்கவே முடியும்.

‘சைக்கோ’ டிரெய்லரைப் பார்த்திருக்கிறீர்களா? மிஷ்கின் எடுத்ததைச் சொல்லவில்லை, 1960இல் வந்த ஹிட்ச்காக் படம். யூடியூபில் கிடைக்கிறது. 6 நிமிடத்துக்கும் மேல் ஓடும். அதில் படத்தின் காட்சிகள் கிடையாது. ஹிட்ச்காக்கே கோட்டும் சூட்டுமாக வந்து, வீடு வாடகைக்குக் காட்டும் புரோக்கர் மாதிரி படத்தில் வரும் சாலையோர மோட்டலையும் பின்னாலிருக்கும் வீட்டையும் நமக்குச் சுற்றிக் காட்டுகிறார். இசைகூட முதலில் விளையாட்டாகத்தான் இருக்கும்.

அவர் எவ்வளவு சொல்கிறார் என்பதைக் கவனியுங்கள். மாடிப்படிக்கு வந்ததும், இரண்டாவது கொலை இங்கேதான் நடந்தது என்கிறார். கத்தி எப்படி வந்தது, ஆள் எப்படி உருண்டு விழுந்தார், முதுகு எப்படி முறிந்திருக்கும் என்பது வரைக்கும் கையை முறுக்கிக் காட்டுகிறார். இரண்டாவது கொலை என்றால் முதல் கொலை ஒன்று உண்டு என்று ஆகிவிட்டது. அந்த வீட்டுத் தாயின் படுக்கையறைக்குப் போகிறார். படுக்கையில் உடம்பு பதிந்த தடம் இன்னும் இருக்கிறது பாருங்கள் என்கிறார். அலமாரியைத் திறந்து எட்டிப்பார்த்துவிட்டு மூடுகிறார். மகனைப் பற்றிப் பேச்சு வரும்போது, பாவம் அவன், அப்படிப்பட்ட தாயிடம் மாட்டிக்கொண்டான் என்று பரிதாபப்படுகிறார்.

உங்கள் அம்மா பார்த்திருந்தால் “எல்லாத்தையும் சொல்லிட்டாரே” என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் முழுப்படத்தையும் பார்த்துவிட்டு இந்த டிரெய்லருக்குத் திரும்பி வந்தால் அந்தத் தாயைப் பற்றி அவர் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வேறு அர்த்தம் வரும். ஏன் என்று சொல்லமாட்டேன். படம் வந்து 65 வருடமாகிவிட்டது என்றாலும் பார்க்காதவர் யாராவது இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். இரண்டு கொலையையும் தாராளமாகக் கொடுத்துவிட்டு, அந்தத் தாராளத்துக்குப் பின்னால் ஒன்றே ஒன்றை ஒளித்துவைத்திருக்கிறார் மனிதர். பையிலிருந்த சில்லறையை எல்லாம் மேஜையில் கொட்டிக் காட்டுகிறவனிடம் மடியில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

இதில் இன்னொரு விஷயம், அவர் பல வாக்கியங்களை முடிப்பதில்லை. குளியலறைக்கு வந்து, இப்போது நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டார்கள், அன்றைக்கு நீங்கள் பார்த்திருக்க வேண்டும் என்று ஆரம்பித்து, வேண்டாம், சொல்லத் தாங்காது என்று நிறுத்துகிறார். கழிவறைத் தொட்டியின் மூடியைத் தூக்கி, ஒரு முக்கியமான தடயம் இங்கேதான் கிடைத்தது என்கிறார். என்ன தடயம்? அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார். கடைசியில், கொலையாளி சத்தமில்லாமல் இப்படி வந்தார், ஷவர் ஓடிக்கொண்டிருந்தது என்று சொல்லிக்கொண்டே திரையை இழுக்கிறார். ஒரு பெண்ணின் முகம், அலறல், இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மனின் வயலின்கள். அவ்வளவுதான்.

இதே மனிதர்தான் பிறகு பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுக்குக் கொடுத்த பேட்டியில் மேஜைக்கடியில் வெடிகுண்டு உதாரணத்தைச் சொன்னார். குண்டு திடீரென்று வெடித்தால் பார்ப்பவருக்கு 15 நொடி அதிர்ச்சி; அது அங்கே இருப்பது முன்பே தெரிந்தால் 15 நிமிடம் பதற்றம். பதறுவதற்கு எனக்கு ஏதாவது தெரிந்திருக்க வேண்டும். உங்கள் இரண்டாவது டிரெய்லரில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. யாரோ அலறுகிறார், சரி. நான் ஏன் கவலைப்பட வேண்டும்?

கதை தெரிந்துவிட்டால் சுவை போய்விடும் என்பதைக்கூட அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. 2011இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் இரண்டு உளவியலாளர்கள் சிறுகதைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். முடிவை முன்பே தெரிந்துகொண்டு படித்தவர்கள் அந்தக் கதைகளைக் கூடுதலாக ரசித்ததாக முடிவு வந்தது. பின்னால் வேறு ஆய்வுகள் இதற்கு எதிராகவும் வந்தன. அதனால் இதை உங்கள் அம்மாவிடம் வாதத்துக்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள், தோற்றுவிடுவீர்கள்.

சண்டைப் படத்தின் டிரெய்லருக்கு ‘என்ன நடக்கும்’ என்ற கேள்வி போதும். உங்கள் வகைப் படத்தில் நடப்பது மனதுக்குள். அங்கே பார்ப்பவரிடம் எழ வேண்டிய கேள்வி, ‘நான் யார் பேச்சை நம்புவது?’ என்பது. அந்தச் சந்தேகத்தை எழுப்பத் தெரிந்த சாதாரணப் பொருள் ஒன்று போதும். கத்தியும் ரத்தமும் தேவையில்லை. உங்களிடம் அது இருக்கிறது, கடைசியில் வருகிறேன்.

ரத்தம் என்றதும் ‘தி ஷைனிங்’ டீசர் ஞாபகம் வருகிறது. 1980. ஒரே ஷாட். மூடிய இரண்டு லிஃப்ட் கதவுகள். காமிரா அசையவில்லை, பெயர்கள் மட்டும் கீழிருந்து மேலே ஊர்ந்து போகின்றன. நடிகர் முகம் ஒன்றுகூட இல்லை. பெயர்கள் முடிந்த பிறகு கதவிடுக்கிலிருந்து ரத்தம் வெள்ளமாய்ப் பாய்ந்து காமிராவையே மூழ்கடிக்கிறது. டிரெய்லரில் ரத்தத்தை அனுமதிக்காத அமெரிக்கத் தணிக்கைக்காரர்களிடம் அது துருப்பிடித்த தண்ணீர் என்று இயக்குநர் குப்ரிக் சமாளித்தார் என்று ஒரு கதை உண்டு. நான் ஒவ்வொரு முறையும் அந்த ரத்தத்துக்கு முன்னால் வரும் நேரத்துக்காகத்தான் பார்க்கிறேன். மூடிய கதவை அத்தனை நேரம் பார்க்கவைத்தால் மனசு தானாகவே எதையாவது கற்பனை செய்ய ஆரம்பித்துவிடும். நீங்கள் 2 நிமிடத்தில் எத்தனை கட் வைத்திருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். எனக்கு எண்ணும்போதே தலை சுற்றியது.

அடுத்தது சத்தம். உங்கள் ஆர்.ஆர். முதல் நொடியிலேயே உச்சத்தில் தொடங்குகிறது, பிறகு போக இடமில்லை. இயக்குநர் ஜோர்டன் பீலின் ‘அஸ்’ டிரெய்லரைப் பாருங்கள், 2018 கிறிஸ்துமஸ் அன்று வெளிவந்தது. ஒரு குடும்பம் காரில் போகிறது. வண்டியில் 90களின் ஹிப்-ஹாப் பாட்டு ஒன்று ஓடுகிறது, எல்லோரும் ஆடிக்கொண்டு ஜாலியாகப் போகிறார்கள். அதே பாட்டு டிரெய்லர் போகப் போக மெதுவாகி, வயலினோடு சேர்ந்து, கேட்கவே முடியாத ஒன்றாகிறது. தெரிந்த ஒன்று தெரியாததாகிவிட்ட பயம். படமும் அதைப் பற்றியதுதான். டிரெய்லருக்காகச் செய்த அந்த வடிவத்துக்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்து அதைப் படத்தின் உச்சக்காட்சியிலேயே சேர்த்துக்கொண்டார்கள். இதைப் படித்துவிட்டுத் தயவுசெய்து தாலாட்டுப் பாட்டை மெதுவாக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்தத் தாலாட்டுக்கு ஓய்வு கொடுத்தால் புண்ணியமாகப் போகும்.

ஒளிப்பதிவாளர் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். ‘சைக்கோ’ டிரெய்லர் முழுவதுமே தனியாக எடுத்ததுதான். ஷவர் திரைக்குப் பின்னால் அலறும் பெண்கூட படத்தின் அந்தக் காட்சியில் வரும் ஜேனட் லீ கிடையாது. படத்தில் அவருக்குத் தங்கையாக வரும் வீரா மைல்ஸ், விக் வைத்துக்கொண்டு நிற்கிறார். அதைக் கண்டுபிடிக்கும் முன் டைட்டில் வந்துவிடுகிறது.

நம் ஊரில் இது நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. ஷாருக் கான் நடித்த ‘ஃபேன்’ படத்தின் விளம்பரத்தில் வந்த ஒரு பாட்டு 2016இல் படம் வந்தபோது உள்ளே இல்லை. பாட்டுக்காகக் குடும்பத்தோடு போனவர் ஒருவர் நுகர்வோர் வழக்குப் போட்டார். மாநில ஆணையம் அவருக்கு 10,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது, தேசிய ஆணையமும் அதை ஏற்றது. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. விளம்பர டிரெய்லரைப் பார்ப்பவருக்குத் தரும் வாக்குறுதியாக எடுத்துக்கொள்ள முடியாது என்பது தீர்ப்பு. ஆக, சட்டப்படி நீங்கள் தப்பித்துவிடுவீர்கள்.

சட்டத்தை விடுங்கள். என் கணக்கு வேறு. படத்தில் இல்லாத ஷாட்டை எடுக்கலாம், படத்தில் இல்லாத பயத்தைக் காட்டக்கூடாது. உங்கள் இரண்டாவது டிரெய்லரில் அந்த அலறல் படத்தில் வருவதுதானே? ஆனால் படத்தில் தங்கை பல்லியைப் பார்த்து அலறுகிறாள் என்று, நான் வெட்டிய பகுதியில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒளிப்பதிவாளர் எடுக்கச் சொன்ன புது ஷாட்டைவிட அந்த அலறல்தான் ஏமாற்று.

இப்போது உங்கள் டைம்லைனுக்கு வருவோம். முதல் டிரெய்லரில் 1:38இல் கூடத்துச் சுவர் வருகிறது. அதில் மாட்டியிருப்பது... சரி, உங்களுக்குத் தெரியும். அந்த ஒன்றரை நொடிதான் அம்மாவுக்கு மொத்தக் கதையையும் சொன்னது. அதை மட்டும் எடுங்கள். மற்றதில் பாதி இருக்கலாம்.

பக்கத்து வீட்டுப் பெண்ணின் கேள்வி இருக்கட்டும். தங்கை சொல்லும் பதில் வேண்டாம். படத்தில் அவள் பால் பொங்குவதற்காக அடுப்பையே பார்த்துக்கொண்டு நிற்கும் ஷாட் ஒன்று வருகிறதே, முகத்தில் ஒன்றுமே இருக்காது. கேள்வி முடிந்ததும் அந்த முகத்தைப் போடுங்கள், ஆர்.ஆரை முழுசாக நிறுத்திவிட்டு. ஒரே முகத்துக்குப் பக்கத்தில் சூப்புக் கிண்ணத்தையும் சவப்பெட்டியையும் மாற்றி மாற்றி ஒட்டிக் காட்டிய ரஷ்ய இயக்குநர் குலெஷோவ் காலத்திலிருந்து ஓடும் வித்தைதான். பாலுக்காகக் காத்திருப்பவள் பொய் சொல்லத் தயாராகிறவளாகத் தெரிவாள்.

பிறகு அந்தக் காபி. இரண்டு டம்ளர், ஒன்று காலி, ஒன்றில் ஆடை படிந்திருக்கிறது. இதை நீங்கள் முதல் டிரெய்லரில் கடைசியில் வைத்து, அதன்மேல் ‘டங்’ என்று ஒரு சத்தமும் போட்டிருக்கிறீர்கள். அதைத் தூக்கி ஆரம்பத்தில் வையுங்கள். சத்தம் இல்லாமல், தெருவில் காய்கறி வண்டிக்காரர் கூவுவது மட்டும் கேட்கட்டும். முதலில் பார்ப்பவருக்கு அது வெறும் காபி. பக்கத்து வீட்டுக்காரியின் கேள்வி வந்த பிறகு அந்த டம்ளர் தானாக ஞாபகத்துக்கு வரும். டைட்டில் முடிந்தபின், மறுநாள் காலை, அவள் மறுபடியும் இரண்டு டம்ளரை எடுத்து வைக்கும் கை மட்டும். மூன்று நொடி போதும். மொத்தம் 1 நிமிடம் 10 நொடிக்குள் அடங்கிவிடும்.

அம்மாவிடம் இந்த விஷயத்தைச் சொல்லாமல் மறுபடி காட்டுங்கள். “அந்த இன்னொரு காபி யாருக்குடா?” என்று கேட்டால் பதில் சொல்லாமல் எழுந்து போய்விடுங்கள். இணைப்பை எனக்கு அனுப்புங்கள், இந்தப் பதிலுக்குக் கீழேயே போட்டுவிடுகிறேன்.