மொட்டு என்றால் பெயிலா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள டீச்சருக்கு,

திருப்பூரில் பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டும் வேலை செய்கிறேன். எட்டாவது வரை படித்திருக்கிறேன். மகன் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாவது படிக்கிறான். அவன் ‘மொட்டு’வில் இருக்கிறானாம், பக்கத்து வீட்டுப் பெண் பிள்ளை ‘மலர்’ நிலையில் இருக்கிறாள் என்கிறார்கள். இது பெயில் மாதிரிதானே? கடன் வாங்கிக் கழிக்கிற கணக்கு அவனுக்கு வரவே இல்லை என்று அவன் டீச்சர் இரண்டு முறை சொல்லி அனுப்பிவிட்டார். பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தாலே வயிற்றைக் கலக்குகிறது. போனால் அரை நாள் சம்பளம் போகும். அப்படியே போனாலும் நான் என்ன பேச?

வீட்டில் அவன் மந்தமான பிள்ளை இல்லை. சில நாள் பனியன் பீஸ் எடுத்து வந்து வீட்டில் பிசிர் வெட்டுவேன். பத்துப் பத்தாக அடுக்கிக் கட்டுப் போடுவது அவன்தான். ஒரு பீஸ் கூடாது, ஒரு பீஸ் குறையாது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் என்னைச் சேரச் சொல்கிறார்கள். சேரலாமா?

ச., திருப்பூர்

*

அன்புள்ள ச.,

முதலில் அந்த மொட்டு. அது பெயில் இல்லை. கொரோனாவில் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. அத்தனை நாள் விட்டுப்போனதைச் சரிக்கட்ட 2022இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கும் கொண்டுவந்ததுதான் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம். ஒரே வகுப்பில் ஒரு பிள்ளை கதை படிக்கும், இன்னொன்று எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கும், இரண்டுக்கும் ஒரே பாடத்தை நடத்தினால் ஒன்றுக்குச் சலிப்பு, இன்னொன்றுக்குப் பயம், அதனால் பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து தூக்கிவிடுவதற்காக அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தார்கள். தமிழில் மலராக இருக்கிற பிள்ளை கணக்கில் மொட்டாக இருக்கலாம். எந்தப் பாடத்தில் மொட்டு, எது வந்தால் மலர் என்று கேளுங்கள். இதை உங்களுக்கு யாரும் விளக்காமல் விட்டது தப்பு. ஆசிரியர்களாகிய நாங்கள் இந்த வார்த்தைகளைத் தினமும் புழங்கிப் புழங்கி, எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

அப்புறம், “போனாலும் நான் என்ன பேச?” என்று கேட்டீர்களே, அந்த இடத்தில்தான் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பல வருஷத்துக்கு முன்னால் என் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை இருந்தாள். ஒன்றாம் வகுப்பு. எழுத்தெல்லாம் தெரியும், ஆனால் ஒரு சொல்லும் படிக்க வராது. ‘அம்மா’ என்று பலகையில் எழுதி விரலை வைத்தால், “ஆனா... இம்... மாவன்னா” என்பாள். சரி, சேர்த்துச் சொல்லு என்றால் மறுபடியும் “ஆனா இம் மாவன்னா” என்று வேகமாகச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். நான் வகுப்பில் எழுத்தை அதன் ஒலியாகத்தான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் அவள் தாத்தா, தினமும் விளக்கு வைத்த பிறகு, தான் படித்த மாதிரியே ஆனா ஆவன்னா என்று ஓதவைத்துக்கொண்டிருந்தார். அது எனக்குத் தெரியாது. அவருக்கோ, பேத்தி பாட்டும் விளையாட்டுமாகத் திரும்பி வருகிறாள், டீச்சர் எழுத்தே சொல்லித்தருவதில்லை என்று வருத்தம். இடையில் ஆறு வயசுப் பிள்ளை, பள்ளிக்கூடத்தில் ஒன்று சொன்னால் தப்பு, வீட்டில் இன்னொன்று சொன்னால் தப்பு என்று மாட்டிக்கொண்டு முழித்தாள்.

நான் செய்தது என்ன தெரியுமா? “வீட்டில் கவனிக்கவும்” என்று நோட்டில் சிவப்பு மையில் எழுதி அனுப்பினேன், மூன்று தடவை. அதைப் படித்துப் படித்துத் தாத்தா இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாக ஓதவைத்திருக்கிறார்! ஒருநாள் சத்துணவு நேரத்தில் அவரே வாசலில் வந்து நின்று, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, “என்ன கவனிக்கணும்னு சொன்னீங்கன்னா கவனிப்பேன் தாயீ” என்றார். அரை மணி நேரம் வகுப்பில் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து கேட்டார். அன்று ராத்திரி முதல் அவர் பேத்தியிடம் “அ” என்று சொல்ல ஆரம்பித்தார். பொங்கல் விடுமுறைக்குள் அவள் சொல் சொல்லாகப் படித்தாள். அந்தச் சிவப்பு மையை நினைத்தால் இன்றைக்கும் மனசு கஷ்டப்படுகிறது.

அவர் எத்தனாவது வரை படித்திருந்தார் என்று நான் கேட்கவே இல்லை. அது தேவைப்படவில்லை. அந்தப் பிள்ளைக்கு வீட்டில் என்ன நடக்கிறது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும், எனக்கு வேண்டியிருந்தது அதுதான். நீங்கள் போனால் பேச வேண்டியதும் அதுதான். எத்தனை மணிக்குத் தூங்குகிறான், நீங்கள் ஒன்றரை ஷிப்டு பார்க்கிற நாளில் யாரோடு இருக்கிறான், எதற்குப் பயப்படுகிறான் என்பதைச் சொல்லுங்கள். “நல்லா படிக்கிறானா?” என்று மட்டும் கேட்காதீர்கள், அதற்குப் “பரவாயில்லை” என்ற பதிலைத் தவிர வேறு வராது. யார் பக்கத்தில் உட்காருகிறான், புரியவில்லை என்றால் கை தூக்குகிறானா, எந்த இடத்தில் கணக்கு நின்றுபோகிறது என்று கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். “கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க டீச்சர்” என்று சொல்லிவிட்டுப் போகிற பெற்றோரை நிறையப் பார்த்திருக்கிறேன். நம்பிக்கையில்தான் சொல்கிறார்கள். ஆனால் பக்கத்தில் நிற்கிற பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது, அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் அடிபட்டால்கூட வீட்டில் சொல்லாது. அடிப்பதும் மனசு நோகப் பேசுவதும் கல்வி உரிமைச் சட்டத்திலேயே தடை. அந்த வசனத்தை நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

நீங்கள் போய் நிற்பது டீச்சருக்குத் தொந்தரவு என்று நினைக்கவும் வேண்டாம். பெற்றோரைத் தவறாமல் சந்தித்து, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் எல்லாவற்றையும் தெரிவிக்க வேண்டும் என்று அதே 2009ஆம் வருஷச் சட்டம் 24ஆம் பிரிவில் ஆசிரியரின் கடமையாக எழுதி வைத்திருக்கிறது. புகார் இருந்தால் கூப்பிட வேண்டும் என்று அதில் இல்லை. அதே சமயம் அவர் நிலைமையையும் பாருங்கள். பல தொடக்கப் பள்ளிகளில் ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள், அதற்கு நடுவில் பிள்ளைகளின் விவரங்களை ‘எமிஸ்’ என்கிற அரசுத் தளத்தில் போனில் பதிகிற வேலை வேறு. இரண்டு முறை ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறார் என்றால், உங்கள் பையன் அவர் மனசில் இருக்கிறான் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். இதைப் படிக்கிற ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஒரு வீட்டுக்கு நீங்கள் செய்கிற முதல் போன், அந்தப் பிள்ளை அன்று நன்றாகச் செய்த ஒன்றைச் சொல்வதாக இருக்கட்டும். பிறகு எதற்குக் கூப்பிட்டாலும் அந்த அம்மா ஓடி வருவார்.

மேலாண்மைக் குழுவில் கட்டாயம் சேருங்கள். உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். 2022இல் தமிழ்நாட்டில் இந்தக் குழுக்களைப் புதிதாக அமைத்தபோது தலைவராகவும் பெற்றோரில் ஒரு பெண்தான் வர வேண்டும் என்று வைத்தார்கள். பள்ளிக்கு என்ன தேவை என்று திட்டம் போடுவது இந்தக் குழுதான். போன உடனே ஒன்று கேளுங்கள்: வேலைக்குப் போகிற தாய்மார் வர முடிகிற நேரத்தில் கூட்டம் வைக்க முடியுமா என்று. உங்களைப் போல அரை நாள் சம்பளத்தை யோசிக்கிறவர்கள் அந்தப் பள்ளியில் இன்னும் பல பேர் இருப்பார்கள். தீர்மான நோட்டைக் கையெழுத்துக்கு வீட்டுக்கு அனுப்பினால், படித்துவிட்டுப் போடுங்கள்.

கடைசியாகக் கணக்கு. உங்கள் பையனிடம் 42 பீஸ் இருக்கிறது, நாலு கட்டு, இரண்டு உதிரி. ஏழு பீஸ் கேட்டால் என்ன செய்வான்? ஒரு கட்டைப் பிரிப்பான். இப்போது உதிரி 12. ஏழைக் கொடுத்தால் மீதி ஐந்து, அதோடு மூன்று கட்டு, ஆக 35. கடன் வாங்கிக் கழித்தல் என்பது இவ்வளவுதான். அவனுக்கு அது கையில் இருக்கிறது, நோட்டில் அந்தக் கட்டு கண்ணுக்குத் தெரியவில்லை. அவனை வேலை வாங்குங்கள் என்று சொல்லவில்லை. அவன் கட்டுப் போடுகிறவன் என்பது அவன் டீச்சருக்குத் தெரிந்தால், நாளைக்கே குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி அவன் முன்னால் வைத்துவிடுவார்.

லீவு கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டாம். எனக்கு எழுதிய கடிதத்தின் இரண்டாவது பத்தியை அப்படியே ஒரு தாளில் எழுதி, திங்கட்கிழமை அவன் பையில் வைத்து அனுப்புங்கள்.

அன்புடன்,
டீச்சர்