காசியில் எத்தனை கோயில் பார்க்கலாம் என்று கேட்டவருக்கு

"நான்கு நாள் காசிக்குப் போகிறோம், அப்பாவுக்கு 72, அம்மாவுக்கு 68, இருக்கிற நேரத்தில் அதிகபட்சம் எத்தனை கோயில் பார்த்துவிடலாம், எந்த வரிசையில் போவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். லீவு கிடைப்பதே பெரும்பாடு, இன்னொரு முறை இவர்களைக் கூட்டிப் போக முடியுமோ முடியாதோ என்ற கவலையில்தான் இப்படிக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 2018 பிப்ரவரியில் அம்மாவோடு ரயில் ஏறியபோது எனக்கும் அதே கவலைதான். இரண்டு பகலில் பத்தொன்பது கோயில் பார்த்தோம். ஊருக்கு வந்து அந்த எண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். அந்த உரிமையில் சொல்கிறேன், ஒரு நாளைக்கு மூன்று கோயிலுக்கு மேல் வேண்டாம். அதில் ஒன்றை உங்கள் அப்பாவோ அம்மாவோ சொல்லட்டும். அங்கே எவ்வளவு நேரம் இருப்பது என்பதையும் அவர்களே முடிவு செய்யட்டும்.

கோயில் பார்க்காதே என்று சொல்ல நான் யார்? காலபைரவரைப் பார்க்காமல் வந்தால் யாத்திரை பூர்த்தியாகாது என்று நம்புகிறவர்கள் உண்டு, அவர்கள் நம்பிக்கையில் நான் கை வைக்கவில்லை. இளவயதில் போகிறவர்கள் ஓடி ஓடி ஐம்பது கோயில் பார்த்தாலும் சந்தோஷம்தான். நான் பேசுவது முட்டி வலியோடு வரும் பெரியவர்களைப் பற்றி மட்டும்.

என் அம்மாவுக்குச் சொந்த ஊர் ஸ்ரீவைகுண்டம். குமரகுருபரர் பிறந்த ஊர். அம்மா எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர், ஆனால் சகலகலாவல்லி மாலை பத்துப் பாட்டும் தலைகீழாகத் தெரியும். அவர் சிறுமியாக இருந்த வீட்டில் விளக்கு வைத்ததும் அதைச் சொல்லாமல் யாருக்கும் சோறு கிடையாதாம். எனக்குப் பரீட்சை வந்தால் அன்று காலையில் எனக்காக அம்மா சொல்லுவார், நான் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே கேட்பேன். பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் காசிக்குப் போய் அங்கே மடம் வைக்க இடம் கேட்க நினைத்தாராம். அரசரிடம் பேச இந்துஸ்தானி தெரியவில்லை. கலைமகளை நோக்கி இந்தப் பத்துப் பாட்டைப் பாடியதும் மொழி வசமாகி, சிங்கத்தின் மேல் ஏறி அரசவைக்குப் போனார் என்பது வழிவழியாகச் சொல்லும் கதை. கேதார் படித்துறையில் இன்றும் இருக்கும் குமாரசாமி மடமும் அதை ஒட்டிய கேதாரேசுவரர் கோயிலும் அவர் பேரைச் சொல்லிக்கொண்டு நிற்கின்றன. நம் பக்கத்துத் திருப்பனந்தாள் காசி மடம் அதே வழியில் வந்ததுதான்.

கிளம்புமுன் அம்மாவிடம் என்ன பார்க்க வேண்டும் என்று கேட்டேன். "விசுவநாதரைப் பார்க்கணும், கயையில அப்பாவுக்குச் செய்யணும். அப்புறம் நம்ம ஊரு சாமி இருந்த எடத்துல உக்காந்து பத்துப் பாட்டையும் சொல்லணும்யா. வேற ஒண்ணும் இல்ல" என்றார். மூன்றே விஷயம். கயைக்குத் தனி நாள், மற்ற இரண்டுக்கும் காசியில் இரண்டு பகல் தாராளம்.

ஆனால் வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் வாட்ஸப்பில் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தான். முதல் நாள் இன்னது, இரண்டாம் நாள் இன்னது என்று நேரம் போட்டு. "அவ்வளவு தூரம் போயிட்டு இதையெல்லாம் பார்க்காம வந்தா எப்படிடா?" என்று போனிலும் சொன்னான். எனக்கும் சரி என்றுதான் பட்டது.

முதல் நாள் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்தோம். இப்போதிருக்கும் பெரிய வளாகம் அப்போது கிடையாது, அது திறந்தது 2021 டிசம்பரில். அன்றைக்கு விசுவநாதர் சந்தில், வீட்டுச் சுவர்களுக்கும் பூக்கடைகளுக்கும் நடுவே, ஆளோடு ஆள் ஒட்டி நின்றுதான் போக வேண்டும். உள்ளே லிங்கம் தரை மட்டத்தில் வெள்ளித் தொட்டிக்குள் இருக்கிறது. நம் ஊரில் தள்ளி நின்று கும்பிட்டுப் பழகியவர்களுக்கு அதைக் குனிந்து தொடுவது என்பது சாதாரண விஷயம் இல்லை. அம்மா தொட்ட கையைத் துடைக்காமல் அப்படியே முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு துண்டி விநாயகர், அன்னபூரணி, நகரத்தார் திருப்பணி செய்த விசாலாட்சி, அங்கிருந்து காலபைரவர், கறுப்புக் கயிறு என்று போய்க்கொண்டே இருந்தோம். பத்தாவது கோயில் எது என்று இப்போது எனக்கே நினைவில்லை.

மறுநாள் படகில் பஞ்சகங்கைப் படித்துறை வரை போய், பிந்து மாதவரைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் கேதார் படித்துறையில் இறங்கினோம். ஆற்றிலிருந்து பார்த்தாலே தெரியும், நம் ஊர்க் கோயில் மதில் மாதிரி சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்திருக்கும். படிகள் செங்குத்து. அம்மா நாலு படிக்கு ஒருமுறை நின்று ஏறினார். உள்ளே இருக்கும் லிங்கம் வழவழப்பானது இல்லை, நடுவே கோடு கிழித்தது போல இரண்டாகத் தெரியும். மாந்தாதா என்ற சிவபக்தர் படைக்க வைத்திருந்த கிச்சடியே லிங்கமானது என்று அங்கே கதை சொல்கிறார்கள். அம்மா அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. கும்பிட்டுவிட்டு வெளியே வந்து ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்தார், கண்ணை மூடினார், ஆரம்பித்துவிட்டார்.

மூன்றாவது பாட்டு நடக்கும்போதே கூட வந்த வழிகாட்டி கைக்கடிகாரத்தைக் காட்டினார். வெளியே ஆட்டோ நிற்கிறது, துர்க்கை கோயிலுக்கு மத்தியானத்துக்குள் போகாவிட்டால் மற்றதெல்லாம் தள்ளிப் போகும் என்றார். அம்மா ஆறாவது பாட்டில் இருந்தார். நான் தோளைத் தொட்டு, "போதும்மா, எந்திரி. வண்டி நிக்குது" என்றேன்.

"இன்னும் நாலு பாட்டுதாம்யா."

"ரூம்ல போய் சொல்லிக்கலாம்மா."

அம்மா எழுந்துவிட்டார். முகம் சுளிக்கவில்லை, ஒரு வார்த்தை சொல்லவில்லை. துர்க்கை கோயிலில் இறங்கவில்லை, "முட்டி வலிக்கி, நீ போய்ட்டு வா" என்று ஆட்டோவிலேயே இருந்துவிட்டார். சங்கட மோசனிலும் துளசி மானஸ் கோயிலிலும் பல்கலைக்கழகத்துக்குள் இருக்கும் புது விசுவநாதர் கோயிலிலும் அப்படியேதான். நான் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு, வாசலில் படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். பத்தொன்பது என்ற கணக்கில் பாதியை அம்மா பார்க்கவே இல்லை என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லாததுதான், ஆனாலும் இதை எழுதாமல் போக மனசு வரவில்லை. அப்பா கடைசியாகப் படுத்திருந்த எட்டு மாதமும் ஆஸ்பத்திரி நாற்காலியில் ராத்திரி உட்கார்ந்திருந்தவன் நான். அண்ணன் பணம் அனுப்பினான், இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் "ஏன் அந்த ஆஸ்பத்திரி, ஏன் அந்த டாக்டர்" என்று தினமும் போனில் கேட்டவனும் அவன்தான். காசியிலிருந்து திரும்பி வீட்டில் கங்கா பூஜை வைத்துச் சொந்தபந்தங்களுக்குச் சாப்பாடு போட்டோம். அதற்கு அவன் வந்திருந்தான். சொம்பு வாங்கிக்கொண்டு போன அத்தனை பேரும் அவன் கையைப் பிடித்து, "மூத்தவன் அம்மாவைக் காசிக்கு அனுப்பிவச்சுட்டான், புண்ணியம்" என்றார்கள். நான் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தேன். அவனும் "நான் இல்ல, தம்பிதான் கூட்டிட்டுப் போனான்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெற்றவர்களோடு ஊரில் இருந்துவிடுகிற பிள்ளையைப் பார்க்க யாருக்கும் கண் இருப்பதில்லை. உங்கள் வீட்டிலும் தூரத்தில் இருந்தபடி பட்டியல் அனுப்பும் ஆள் இருந்தால் நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அதன்படி நடக்காதீர்கள். என் தவறை அவன் தலையில் கட்டுவதாக நினைக்க வேண்டாம். அம்மாவின் தோளைத் தொட்டது என் கை.

சரி, நீங்கள் கேட்ட வரிசைக்கு வருகிறேன். அந்த நான்கு நாளுக்குள் பிரயாகையும் கயையும் சேர்த்தியா என்பதை முதலில் பாருங்கள். காசியிலிருந்து பிரயாகை சுமார் 120 கிலோமீட்டர், கயை சுமார் 250 கிலோமீட்டர். இரண்டும் உண்டென்றால் காசிக்கு உங்களிடம் இருப்பது இரண்டு நாள்தான், ஆறு கோயிலோடு நிறுத்துங்கள். ராமேசுவரத்து மணலைத் திரிவேணியில் கரைத்து, கங்கை நீரை ராமேசுவரத்துக்குக் கொண்டுவரும் முறைப்படி போகிறவர்கள் என்றால் போகும்போதும் வரும்போதும் அதற்கும் நாள் ஒதுக்க வேண்டும்.

ஒரு விடியற்காலை விசுவநாதர், அன்னபூரணி, விசாலாட்சி மூவருக்கும். மூன்றும் கிட்டக் கிட்ட இருக்கின்றன. கைப்பேசியை அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள், விசுவநாதர் கோயிலுக்குள் அனுமதி இல்லை. அன்னபூரணியின் தங்கத் திருமேனியைப் பார்க்க ஆசைப்பட்டால் தீபாவளியை ஒட்டிய சில நாள்களில்தான் திறப்பார்கள். காலபைரவருக்குத் தனியாக ஒரு காலை, பேட்டரி ரிக்‌ஷாவில் பக்கத்தில் இறங்கிக் கொஞ்சம் நடக்க வேண்டும். தெற்கே துர்க்கை கோயில், துளசி மானஸ், சங்கட மோசன் மூன்றும் அருகருகே இருப்பவை, வண்டி பக்கம் வரை போகும். பெரியவர்களுக்குத் தெம்பிருந்தால் ஒரு சாயங்காலம் போகலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம். சாரநாத் எங்கள் பட்டியலில் இருந்தது, போகவில்லை. ஜூலை முதல் செப்டம்பர் வரை ஆறு ஏறினால் படித்துறைகள் மூழ்கும், படகும் நிற்கும். டிசம்பர், ஜனவரியில் பனிமூட்டத்தால் ரயில் பல மணி நேரம் தாமதமாகும். பிப்ரவரி நல்ல மாதம்.

தங்குவதற்கு அனுமன் படித்துறைப் பக்கம் பாருங்கள். பாரதியார் பள்ளி வயதில் அத்தை வீட்டில் இருந்து படித்தது அந்தப் பகுதியில்தான். தமிழ் காதில் விழும், நம் சாப்பாடும் கிடைக்கும். கேதாரேசுவரருக்கு ஆற்றுப் படியில் ஏற வேண்டாம். சோனார்புரா சாலையிலிருந்து சந்து வழியாகப் போனால் மேலேயே நுழைந்துவிடலாம். இது எனக்கு அன்றைக்குத் தெரியாது.

நாங்களும் அனுமன் படித்துறையில்தான் ஒரு சத்திரத்தில் தங்கியிருந்தோம். அங்கிருந்து கேதாரம் அரிச்சந்திரன் படித்துறையைத் தாண்டிப் பத்து நிமிட நடை. அன்று ராத்திரி எனக்குக் கால் இரண்டும் விண்விண்ணென்று வலித்தது. மறுநாள் விடியுமுன் கயைக்குக் கிளம்ப வேண்டும் என்பதால் பெட்டியைக் கட்டிவிட்டுப் படுத்துவிட்டேன். அம்மா முகம் கழுவி, திருநீறு பூசிக்கொண்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"கேதாரம் எந்தப் பக்கம்யா இருக்கு?" என்றார்.

நான் எழுந்து பார்க்கவில்லை. படுத்தபடியே ஜன்னலைக் காட்டி, "அந்தப் பக்கம்மா" என்றேன். அம்மா ஜன்னலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, கையைக் கூப்பிக்கொண்டு, மிச்சம் நாலு பாட்டையும் மெதுவாகச் சொல்லி முடித்தார். பத்தாவது பாட்டு முடிந்ததும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு விளக்கை அணைத்தார்.

காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கிய பிறகுதான் எனக்குத் திசை பிடிபட்டது. அந்த ஜன்னல் தெற்கே அசி படித்துறையைப் பார்த்தது. கேதாரம் வடக்கே, அம்மாவின் முதுகுப் பக்கம் இருந்தது. அம்மாவுக்கு இப்போது வீட்டு வாசற்படி இறங்கவே ஆள் துணை வேண்டும். இதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.